மாவட்டத்தின் அறிவை அளத்தல்

ஒரு மாவட்டத்தில் எத்தனை ஏக்கரில் நெல் விளைகிறது, எத்தனை நூற்பாலைகள் ஓடுகின்றன, எத்தனை லாரிகள் பதிவாகியிருக்கின்றன என்று கேட்டால் உரிய அலுவலகத்தில் விடை கிடைத்துவிடும். அந்த மாவட்டத்து மக்களுக்கு என்னென்ன தெரியும், அந்த அறிவில் எவ்வளவு உள்ளூர்த் தொழில்களில் பயன்படுகிறது, எவ்வளவு வேலை தேடி வெளியூருக்குப் போய்விடுகிறது என்று கேட்டால், அதற்கெனத் தனிப் பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை. புதிய தொழிற்பேட்டையை எங்கே அமைப்பது, எந்த ஊர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் எந்தப் பிரிவைத் தொடங்குவது, பொதுச் சோதனைக்கூடம் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கலாமா என்பன போன்ற முடிவுகள் இரண்டாவது கேள்வியின் விடையைத்தான் சார்ந்திருக்கின்றன. ஆகவே, வேறு வேறு நோக்கங்களுக்காகத் திரட்டப்பட்ட கணக்கெடுப்புகளிலிருந்து அந்த விடையைப் பிரித்தெடுப்பது வட்டாரப் பொருளியல் ஆய்வாளரின் அன்றாடத் தொழிலாகிவிட்டது. கோயம்புத்தூரையும் அதைச் சூழ்ந்த கொங்குப் பகுதியையும் அளக்க முயன்றவர்களுக்கு இத்தொழிலின் வலிமையும் வரம்பும் ஒருசேரப் புலப்பட்டிருக்கின்றன.

இந்த அளவீட்டுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு வரலாறு உண்டு. கற்றுத் தேர்ந்த அறிவையே தன் உழைப்பின் முதன்மைக் கருவியாகக் கொண்டவரை அறிவுத் தொழிலாளர் என்று பீட்டர் டிரக்கர் 1959-இல் அழைத்தார். 1962-இல் ஃபிரிட்ஸ் மாக்லப் என்ற பொருளியலாளர் கல்வி, ஆய்வு, ஊடகம், தகவல் கருவிகள், தகவல் சேவைகள் ஆகியவற்றை ஒன்றாகக் கூட்டி, 1958-இல் அமெரிக்க மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 29 சதவீதம் அறிவை உண்டாக்குவதிலும் பரப்புவதிலும் அடங்குகிறது என்று காட்டினார். அதைவிட நுட்பமான கணக்கை 1977-இல் மார்க் போரட் வெளியிட்டார்: தகவலையே சந்தையில் விற்கும் நிறுவனங்களை முதல்நிலைத் துறை என்றும், வேறு பொருளை விற்கும் நிறுவனம் தனக்குள் தன் தேவைக்காகச் செய்துகொள்ளும் கணக்கு, வடிவமைப்பு, திட்டமிடல் ஆகியவற்றை இரண்டாம்நிலைத் துறை என்றும் அவர் பிரித்தார். 1967-ஆம் ஆண்டு அமெரிக்க உற்பத்தியில் முதலாவது சுமார் 25 சதவீதமாகவும் இரண்டாவது சுமார் 21 சதவீதமாகவும் இருந்தன என்பது அவருடைய முடிவு. இந்த இரண்டாவது பகுதியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ததே போரட்டின் பெரும் பங்களிப்பு எனலாம். ஏனெனில் கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்குள் அமர்ந்து இம்பெல்லரின் வளைவைக் கணினியில் வரைகிற பொறியாளர் இன்றும் பெரும்பாலான அட்டவணைகளில் இயந்திர உற்பத்தித் துறையின் ஊழியர் என்ற ஒரே பெயரில்தான் மறைந்திருக்கிறார்.

பின்வந்தவர்கள் எளிய வரையறைகளை நாடினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அமைப்பான யூரோஸ்டாட், ஒரு துறையில் வேலை செய்வோரில் 33 சதவீதத்துக்கு மேற்பட்டோர் உயர்கல்வி முடித்தவர்களாக இருந்தால் அத்துறையை அறிவுச்செறிவுள்ள துறையாகக் கொள்கிறது. இந்த வரையறை எளிதாகக் கணக்கிடத் தக்கது, நாடுகளிடையே ஒப்பிடவும் உதவுவது. ஆனால் அது பட்டத்தை எண்ணுகிறதே அன்றி அறிவை எண்ணவில்லை என்ற உண்மை, பட்டறைகளால் வளர்ந்த ஒரு வட்டாரத்துக்கு அதைப் பொருத்திப் பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது.

இந்தியாவில் இப்பணியைத் தொடங்குபவர் கைக்கொள்ள வேண்டிய அடிப்படைக் கருவிகள் இரண்டு. முதலாவது தேசியத் தொழில்துறை வகைப்பாடு. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வொரு நிறுவனத்தின் செயற்பாட்டுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு, 62 என்று தொடங்கினால் கணினி நிரலாக்கம், 28 என்று தொடங்கினால் இயந்திர உற்பத்தி, 2431 என்றால் இரும்பு எஃகு வார்ப்படம். இரண்டாவது தேசியப் பணி வகைப்பாடு. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் நிறுவனம் எதைச் செய்கிறது என்பதை விட்டு, ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதற்குக் குறியீடு தரப்படுகிறது. முதலாவது கொண்டு ஒரு மாவட்டம் எதைத் தயாரிக்கிறது என்று சொல்லலாம், இரண்டாவது கொண்டு அங்குள்ளவர்களால் எதைச் செய்ய முடியும் என்று சொல்லலாம். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, எந்தத் துறையில் எந்தப் பணியாளர் எத்தனை பேர் என்ற கட்டங்களை நிரப்பினால்தான் வட்டாரத்தின் உருவம் கிடைக்கும். இந்தக் கட்ட அட்டவணையை நிரப்புவதிலேயே ஆய்வாளரின் காலம் பெரும்பாலும் கழிகிறது.

பணி வகைப்பாட்டின் உள்ளே ஒரு முன்முடிவு பதிந்திருக்கிறது. வேலைகள் அனைத்தும் நான்கு திறன் நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு நிலையும் பள்ளி, கல்லூரிப் படிப்பின் ஆண்டுகளால் வரையறுக்கப்படுகிறது: பத்தாண்டு வரை முதல் நிலை, பதினொன்று முதல் பதின்மூன்று வரை இரண்டாம் நிலை, பதினான்கு பதினைந்து ஆண்டுகளுக்கு மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. தொழில்வல்லுநர் என்ற இரண்டாம் பிரிவு நான்காம் நிலையிலும், தொழில்நுட்பர் என்ற மூன்றாம் பிரிவு மூன்றாம் நிலையிலும் அமைய, கைவினைஞர் என்ற ஏழாம் பிரிவும் இயந்திர இயக்குநர் என்ற எட்டாம் பிரிவும் இரண்டாம் நிலையில் நிறுத்தப்படுகின்றன. அனுபவத்தாலும் திறன் வரும் என்று வகைப்பாடே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் அறிவுத் தொழிலாளர் என்று எண்ண முற்படுவோர் வழக்கமாக மேலுள்ள இரண்டு மூன்று பிரிவுகளைக் கூட்டிவிட்டு ஏழாம் பிரிவை ஒதுக்கிவிடுகிறார்கள். பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டும் கண்டுபிடிப்பாளராக விளங்கிய ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் கோவை. 1945-இல் அங்கே ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி (இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் முன்னோடி) தொடங்கக் காரணமாக இருந்த அவரே, நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, குறைந்த காலத்தில் கற்பிக்க முடியும் என்று வாதிட்டு, அந்த வாதம் ஏற்கப்படாதபோது அக்கல்லூரியில் தாம் வகித்த பொறுப்பிலிருந்து விலகினார். அறிவைப் படிப்பாண்டுகளால் அளக்கும் முறைக்குக் கோவையிலிருந்து எழுந்த மறுப்பு அவ்வளவு பழையது.

அந்த மறுப்பின் நியாயத்தை ஒரு பேட்டர்ன் பட்டறைக்குள் நின்றால் காணலாம். பம்பின் வெளிக்கூட்டை வார்ப்பதற்கு முன் அதன் வடிவத்தில் மரத்திலோ அலுமினியத்திலோ ஓர் அச்சு செய்யப்பட வேண்டும், அதுவே பேட்டர்ன். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்கும், எஃகு ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு சுருங்கும் என்பதால், பேட்டர்ன் செய்பவர் அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்துக் கோடிட்ட தனி அளவுகோலால் அளக்கிறார். மணலிலிருந்து பேட்டர்னை உருவும்போது விளிம்பு உடையாமலிருக்கப் பக்கச் சுவர்களுக்கு எவ்வளவு சாய்வு கொடுப்பது, பிறகு லேத்தில் கடைந்தெடுக்க எந்த முகத்தில் எவ்வளவு கனம் கூடுதலாக விடுவது, உள்ளே குழிவு உண்டாக்கும் கோர் எங்கே உட்கார வேண்டும், அச்சை எந்தக் கோட்டில் இரண்டாகப் பிரிப்பது ஆகிய ஒவ்வொன்றும் அவர் எடுக்கும் முடிவு. வரைபடத்தில் இவற்றில் பல இருப்பதில்லை. ஒரு முடிவு தவறினால் அந்த வார்ப்பு ஒன்றோடு போவதில்லை, அந்தப் பேட்டர்னிலிருந்து எடுக்கப்படும் நூற்றுக்கணக்கான வார்ப்புகளும் பழுதாகின்றன. இத்தகையவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவராக இருப்பது அரிதன்று. சொல்லில் முழுவதும் அடங்காத இவ்வகை அறிவை மைக்கேல் போலானி என்ற சிந்தனையாளர் 1966-இல் உள்ளுறை அறிவு என்று விளக்கினார். பேட்டர்ன் செய்பவரின் வேலையை அறிவுத் தொழில் அல்ல என்று சொல்லும் அளவுகோலில்தான் குறை இருக்கிறது.

குறியீட்டின் இலக்கங்களைக் குறைக்கக் குறைக்க இக்குறை பெருகுகிறது. நாட்டின் வேலைவாய்ப்பு நிலையை 2017 முதல் தொடர்ந்து அளந்துவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, பணியை மூன்று இலக்க அளவில்தான் பதிகிறது. அந்த அளவில் 722 என்ற ஒரே எண்ணுக்குள் ஊர்ப் பட்டறையில் கொடுவாள் அடிக்கும் கொல்லரும், மைக்ரான் கணக்கில் டை செய்யும் டூல்மேக்கரும், சி.என்.சி. இயந்திரத்துக்கு செட்டிங் போடுபவரும் அடங்கிவிடுகிறார்கள். 721-க்குள் வார்ப்பட மோல்டரும் வெல்டரும் தகரத் தொழிலாளியும் ஒன்றாகிறார்கள். கொல்லரின் வேலையில் அறிவு இல்லை என்பது பொருளன்று. ஆனால் இருவேறு அறிவுகளை ஒரே எண்ணாகக் கூட்டிவிட்டால், டூல் ரூம் ஒன்று தேவைப்படும் மாவட்டத்தையும் அரிவாளுக்குச் சந்தை தேவைப்படும் மாவட்டத்தையும் பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

குறியீடு பிறக்கும் இடத்திலேயே கவனம் தேவைப்படுகிறது என்பதைக் களத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். கோவையின் புறநகரில் ஒரு வீட்டு வாசலில் நின்று, குடும்பத் தலைவர் என்ன வேலை செய்கிறார் என்று கணக்கெடுப்பாளர் கேட்டால், வழக்கமாக வரும் விடை "கம்பெனிக்குப் போறாருங்க" என்பதுதான். எந்தக் கம்பெனிங்க என்றால் "மோட்டார் கம்பெனிங்க" என்றும், அங்கே என்ன வேலைங்க என்றால் "லேத்துங்க" என்றும் பதில் வரும். பயிற்சியில்லாதவர் அங்கேயே நிறுத்தி ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பழகியவர் மேலும் இரண்டு கேள்வி கேட்பார்: லேத்தை ஓட்டுவது மட்டுமா, செட்டிங்கும் அவரேதானா, புரோகிராம் யார் போடுகிறார்கள்? அந்த இரண்டு கேள்விகளுக்கான விடையில்தான் இயக்குநர், அமைப்பாளர், நிரலர் என்ற மூன்று வேறு நிலைகள் பிரிகின்றன. வீட்டிலிருப்பவருக்கு விடை தெரியாமல் போவதும் உண்டு. அப்போது மாலையில் மறுபடி வந்து உரியவரையே கேட்பதைத் தவிர நல்ல வழி எதுவும் இல்லை. அட்டவணையின் தரம் கணினியில் தீர்மானிக்கப்படுவதாக நினைப்பவர்கள் இந்த வாசல் உரையாடலை ஒருமுறையேனும் அருகிலிருந்து கேட்க வேண்டும்.

நிறுவனங்களின் பக்கம் இருந்து எண்ணும்போது இடையூறுகள் வேறு வகையானவை. ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் பதிவான ஆலைகளையே, அதாவது மின்சாரத்துடன் பத்துப் பேருக்கோ மின்சாரமின்றி இருபது பேருக்கோ குறையாமல் வேலை செய்யும் இடங்களையே, நெடுங்காலம் உள்ளடக்கிவந்தது. மூன்று பேர் கொண்ட பேட்டர்ன் பட்டறை அதில் வராது. சிறு அலகுகளை அறிய உதவும் பொருளாதாரக் கணக்கெடுப்பு முழுமையாக வெளிவருவது 2013-ஆம் ஆண்டின் ஆறாவது சுற்றோடு நின்றிருக்கிறது. 2020 ஜூலை முதல் நடப்பிலுள்ள உத்யம் பதிவில் சிறு தொழில்முனைவோர் தம் குறியீட்டைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், பட்டியலில் முதலில் கண்ணில்பட்டதையோ பதிவு செய்து கொடுப்பவர் வழக்கமாகப் போடுவதையோ ஏற்றுக்கொள்வது இயல்பாகிவிட்டது. போதாததற்கு, பெரிய கம்பெனி ஒன்று தன் வடிவமைப்புப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டால், அதே ஆட்கள் அதே நாற்காலியில் அமர்ந்திருக்க, உற்பத்தித் துறையில் இருந்த எண்ணிக்கை சேவைத் துறைக்கு மாறிவிடுகிறது. ஜாப் ஒர்க் எனப்படும் கூலிவேலை முறையால் கட்டுண்ட கோவைப் பொருளாதாரத்தில் இப்படிப்பட்ட இடப்பெயர்வுகள் ஏராளம் என்பதால், துறைக் கணக்கு மட்டும் பார்த்து ஊரில் அறிவுச் சேவைகள் வளர்ந்துவிட்டன என்று முடிவு கட்டுவது ஆபத்தானது.

திரட்டிய எண்களை ஒப்பிட இத்துறையில் பெரிதும் பயன்படும் அளவை அமைவிட ஈவு எனலாம். மாநிலத்தில் நூறு தொழிலாளரில் 2 பேர் இயந்திர உற்பத்தியில் இருக்க, ஒரு மாவட்டத்தில் நூற்றில் 8 பேர் இருந்தால், எட்டை இரண்டால் வகுக்கக் கிடைக்கும் 4 அந்த மாவட்டத்தின் ஈவு. 1 என்றால் மாநிலச் சராசரி, 1.25-க்கு மேல் என்றால் தனிச்சிறப்பு என்பது ஆய்வாளரிடையே உள்ள பொதுவான வழக்கம். பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் போடக்கூடிய இந்த ஈவு, அமைச்சர் முதல் தொழிற்சங்கத் தலைவர் வரை எவருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. அதனால்தான் அது ஆபத்தானதும் ஆகிறது. ஆயிரம் தொழிலாளர் உள்ள ஓர் இடத்தில் 300 பேர் பஞ்சாலையிலும் 20 பேர் மென்பொருளிலும் இருப்பதாகக் கொள்வோம். ஆலை மூடப்பட்டு 150 பேர் வேலையிழந்து வெளியேறினால், மென்பொருள் துறையில் ஒருவர்கூடப் புதிதாகச் சேராமலே அதன் பங்கு 2 சதவீதத்திலிருந்து 2.35 சதவீதமாக உயர்ந்து, ஈவும் அதற்கேற்ப ஏறும். மாவட்டம் அறிவுப் பொருளாதாரமாக மாறிவருகிறது என்று அந்த எண் சொல்லும். உண்மையில் நடந்ததோ வேலையிழப்பு. பல பஞ்சாலைகள் அடுத்தடுத்து மூடப்பட்ட வரலாறு கொண்ட கோவையில் பங்கையும் ஈவையும் மட்டும் வெளியிட்டுவிட்டு ஆட்களின் மொத்த எண்ணிக்கையைப் பக்கத்தில் அச்சிடாமல் விடுவது நேர்மையான செயலாகாது.

எல்லைகளும் இதேபோல் ஏமாற்றக் கூடியவை. 1979-இல் ஈரோட்டுப் பகுதி பெரியார் மாவட்டமாகவும், 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாகவும் பிரிந்தன. பழைய கோவை மாவட்டத்தின் எண்களையும் புதிய மாவட்டத்தின் எண்களையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால் பின்னலாடைத் தொழில் ஒரே இரவில் காணாமல் போனதுபோலத் தோன்றும். நீண்டகால மாற்றத்தை அளக்க விரும்புபவர் மாவட்டங்களை மறுபடி ஒன்றாகக் கூட்டியோ, வட்ட அளவில் இறங்கியோ வேலை செய்ய வேண்டியிருக்கிறது. வேலைச்சந்தையோ நிருவாக எல்லையை மதிப்பதே இல்லை: பாலக்காட்டிலிருந்து வாளையார் வழியாகக் கோவைக்கு வேலைக்கு வருபவர்கள் உண்டு, ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் போய்வருபவர்களும் உண்டு. வீட்டுக் கணக்கெடுப்பு மனிதரை அவர் உறங்கும் இடத்தில் எண்ணுகிறது, நிறுவனக் கணக்கெடுப்பு அவர் உழைக்கும் இடத்தில் எண்ணுகிறது. ஆகவே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வீட்டுக் கணக்கில் தெரியும் மென்பொருள் வல்லுநர்களுக்கு ஈடான நிறுவனங்களை அதே மாவட்டத்தில் தேடினால் கிடைக்காது. இதைப் பிழையாகக் கருதிச் சரிசெய்ய முயல்வதைவிட, இரு கணக்குகளுக்கும் உள்ள இடைவெளியையே செய்தியாகக் கொள்வது நல்லது; வெளியே போய் வேலை செய்யும் அறிவு எந்த ஊரில் குடியிருக்கிறது என்பதை அந்த இடைவெளிதான் சொல்கிறது. 2024-இல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் தூத்துக்குடியிலும் டைடல் எனப்படும் சிறிய தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் திறக்கப்பட்டதன் பின்னுள்ள எதிர்பார்ப்பு இதையொட்டியதே: சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட பட்டதாரிகளின் சொந்த ஊர் அருகே வேலையைக் கொண்டுசெல்வது. அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு நிறைவேறுகிறது என்பதை அளக்க, பூங்காவில் நிரம்பிய இருக்கைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியவர்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

மாவட்ட அளவிலான மாதிரிக் கணக்கெடுப்பில் எண்கள் எவ்வளவு தளர்வானவை என்பதைப் பயன்படுத்துவோரிடம் சொல்வது இத்தொழிலின் கடினமான கடமை. ஆயிரம் தொழிலாளரை விசாரித்து அவர்களில் 30 பேர் தொழில்நுட்பர் என்று கண்டால் பங்கு 3 சதவீதம். ஆனால் எளிய மாதிரி என்று வைத்துக்கொண்டாலும் உண்மையான பங்கு ஏறத்தாழ 2-க்கும் 4-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அந்த முப்பது பேரையும் ஆண் பெண், நகரம் கிராமம், துறை என்று பிரித்தால் ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் மற்றொன்றில் ஒருவரும்தான் எஞ்சுவர். 2025 ஜனவரி முதல் தொழிலாளர் கணக்கெடுப்பு மாவட்டத்தையே மாதிரியின் அடிப்படை அலகாகக் கொண்டிருப்பது பெரிய முன்னேற்றம் என்றாலும், அதைக் கொண்டு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நுண்ணிய பணிப்பட்டியல் தயாரித்துவிடலாம் என்று எண்ணுவது பொருந்தாது. கூட்டங்களில் ஒரே ஓர் எண்தான் கேட்கப்படுகிறது. அதற்கு இருபுறமும் உள்ள வரம்பைச் சொல்லத் தொடங்கியதும் கேட்பவரின் முகம் மாறும். ஆயினும் வரம்பைச் சொல்லாமல் எண்ணைக் கொடுப்பவர், அந்த எண்ணை நம்பிக் கட்டப்படும் கட்டடத்துக்கும் பொறுப்பாளி ஆகிறார்.

இக்குறைகளைத் தாண்ட அமெரிக்கா தேர்ந்த வழி கருதத்தக்கது. அங்கே ஓநெட் என்ற பெயரில் 1990-களின் இறுதியில் தொடங்கி, ஒவ்வொரு பணிக்கும் எந்தெந்த அறிவு எவ்வளவு முக்கியம், எந்த ஆழத்தில் தேவை என்பதை 33 அறிவுப் புலங்களாகப் பிரித்து, அப்பணியைச் செய்வோரையே கேட்டு மதிப்பெண் இடுகிறார்கள். எட்வர்ட் ஃபெசர் என்ற வட்டாரத் திட்ட ஆய்வாளர் 2003-இல் இம்மதிப்பெண்களைக் கொண்டு, ஒத்த அறிவு தேவைப்படும் பணிகளைத் தொகுதிகளாக்கி, வட்டாரங்கள் எதைத் தயாரிக்கின்றன என்பதைவிட எதைச் செய்ய அறிந்திருக்கின்றன என்பதே வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்று வாதிட்டார். இந்தியாவில் இதற்கு ஈடான கணக்கெடுப்பு இல்லை. அமெரிக்க மதிப்பெண்ணை அப்படியே இங்குள்ள பணிக்கு ஒட்டவைப்பதும் சரிவராது. அங்கே ஒரு மோல்டர் செய்யும் வேலையும், இங்கே மணலின் ஈரத்தைக் கைப்பிடியில் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடும் மோல்டரின் வேலையும் வேறு. கோவை போன்ற ஒரு வட்டாரத்தில் சில நூறு பணியாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நாளில் தாமாக எடுக்கும் முடிவுகள் எவை, தவறினால் இழப்பு எவ்வளவு, அவ்வேலையைத் தனியே செய்யும் அளவுக்குத் தேற எத்தனை ஆண்டு ஆயிற்று, யாரிடம் கற்றார், எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டாலே ஏழாம் பிரிவுக்குள் மறைந்திருக்கும் அறிவின் பெரும்பகுதி வெளிவரும். இதற்கு வேண்டிய செலவு மிகச் சிறியது.

கூலியை அறிவுக்குச் சான்றாகக் கொள்ளலாமே என்ற யோசனையும் அடிக்கடி எழுகிறது. நல்ல டூல்மேக்கரை ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறை கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்வதைப் பார்க்கையில் அந்த யோசனையில் நியாயம் இருப்பதாகவே படும். ஆனால் மோட்டார் வைண்டிங் செய்யும் பெண்கள் செப்புக் கம்பியின் சுற்று எண்ணிக்கையையும் இழுவிசையையும் தவறாமல் காத்து, எரிந்துபோன சுருளைப் பார்த்தே காரணம் சொல்லக்கூடியவர்களாக இருந்தும், பக்கத்து மேசையில் அதைவிட எளிய வேலை செய்யும் ஆணைவிடக் குறைந்த கூலி பெறும் இடங்கள் உண்டு. கூலியால் அளந்தால் இந்த அநீதியை அறிவின் குறைவாகப் பதிவு செய்தவர் ஆவோம். பெண்களின் வேலையைப் பொறுத்தமட்டில் கூலியை நம்பி எண்ணக் கூடாது என்பது உறுதியான முடிவு.

தவறாக எண்ணுவதால் என்ன நட்டம் என்பதற்குத் திருப்பூரைச் சொல்லலாம். நொய்யல் ஆறு மாசுபட்டதையொட்டி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்டினாலன்றித் தொழில் இல்லை என்றாயிற்று. அதன் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் வைத்து, சாயநீரிலிருந்து நல்ல நீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பட்டறைக்கே அனுப்பும் முறை நிலைபெற்றது. சவ்வு எப்போது அடைபடும், எந்தச் சாயம் வரும் நாளில் எந்த இரசாயன அளவை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் நெருக்கடியில் கற்ற அறிவு. துணிக்குச் சாயமிடும் எந்த ஊருக்கும் இன்று தேவைப்படும் அறிவு. ஆனால் துறைக் குறியீட்டில் அந்த நிலையங்கள் 37 என்ற கழிவுநீர் அகற்றல் பிரிவில் சேர்கின்றன. அங்கு வேலை செய்வோர் மூன்று இலக்கப் பணிக் கணக்கில் 313 என்ற பொதுப் பிரிவில் மின்நிலைய இயக்குநரோடு கலந்துவிடுகிறார்கள். உயர்தொழில்நுட்பத் துறைகளின் வழக்கமான பட்டியல் எதிலும் இப்பிரிவு இடம்பெறுவதில்லை. திருப்பூரின் ஈவு அட்டவணையைப் பார்க்கும் திட்ட அதிகாரிக்குப் பின்னலாடை மட்டுமே தெரியும். பிற ஊர்களுக்கு விற்கத் தக்க நீர்த் தொழில்நுட்பம் ஒன்று அங்கே வளர்ந்திருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கென ஒரு பட்டயப் படிப்பும் ஓர் ஆய்வகமும் கேட்பதற்குக் கையில் சான்று இருக்கும்.

சரியாகக் கண்டறிந்த இடங்களில் விளைவு எப்படி இருந்தது என்பதற்குக் கோவையின் கடந்த காலமே சான்று. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் ஆலைகளும், அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும், கிணற்றுப் பாசனத்துக்கான மோட்டார் பம்புகளும் ஒன்றையொன்று வளர்த்தன. 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-இல் சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமும் அந்த வளர்ச்சியின் நடுவிலிருந்து எழுந்தன. சிறு தொழில்களுக்குப் பம்பையும் மோட்டாரையும் சோதித்துச் சான்று தரும் சிடார்க் போன்ற நிலையங்கள் பின்னர் வந்தன. வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்த அறிவை அறிந்து, அதற்கு அடுத்த படி எது என்று கேட்டுத் தொடங்கப்பட்டவை இவை. வேறெங்கோ வெற்றிபெற்ற ஒரு துறையைப் பார்த்து இங்கும் வேண்டும் என்று கொண்டுவரப்பட்டவை அல்ல. அளவீட்டின் பயன் இந்த அடுத்த படியைக் கண்டுபிடித்துத் தருவதில்தான் இருக்கிறது.

ஆகவே மாவட்டப் புள்ளியியல் அலுவலகங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு: பணிக் குறியீட்டை நான்கு இலக்கத்திலேனும் பதிந்து, தனியாள் அடையாளம் வெளிப்படாதபடி பல ஆண்டுகளைக் கூட்டி வெளியிடலாம், வட்டார வாரியாக நிறுவனக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் அருகருகே அச்சிடலாம். தொழில் அமைப்புகள் தம் உறுப்பினர்களின் பணியாளர் பட்டியலைப் பெயர் நீக்கி ஆய்வுக்குத் தரலாம். வாசகர் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து தொழிலைக் கேட்கும்போது, கம்பெனி வேலை என்று சொல்லி அனுப்பிவிடாமல், எந்தப் பொருள் செய்யும் இடம், எந்த இயந்திரம், அதில் எதை நீங்களே முடிவு செய்கிறீர்கள் என்பதை முழுமையாகச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு வரப்போகும் பயிற்சி நிலையமும் சோதனைக்கூடமும் அந்தப் பதிலைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும்.